பின்பக்கத் துணி

மேல்பக்கம் முடிந்துவிட்டது.
பழைய யூனிபார்ம்களின் கருநீலம்,
தங்கேஸ்வரியின் கிழிந்த நைட்டி,
ஜன்னல் திரையொன்றின் மிச்சம்,
எல்லாம் நாலங்குலச் சதுரங்களாய்.
நடுவில் வைக்கப் பஞ்சும் வாங்கியாயிற்று.
பின்பக்கத்துக்குத்தான் துணி இல்லை.

குதைபியா கடைத்தெருவில் கேட்டேன்.
அகலம் நாற்பத்தைந்து அங்குலம்.
இரண்டு ஒட்டுப் போட்டாக வேண்டும்.
மீட்டர் ஒன்றரை தினார்.
ஒரு லபான் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இத்தனைக்கும்
விரிப்புகளுக்கு நடுவில்தான் எனக்கு வேலை.
ஹோட்டலின் அடித்தளத்தில், லினன் ரூமில்,
கிழிசல் தைப்பவள்.
தைத்தும் தேறாததன் மூலையில்
சிவப்பு மையில் முத்திரை குத்துவார் பேபிச்சன் சார்.
கண்டம்.
ஓடாத பேருந்துக்குச் சொல்வது,
ஜாதகக்காரர் குரல் தாழ்த்திச் சொல்வது,
அதே சொல்தான் எங்கள் வாயில் இதற்கும்.

'ரெண்டு எடுத்துக்கோ, ஒப்பு போட்டுட்டுப் போ' என்றார்.

முதலில் எடுத்தது புதுசு.
இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு தவிரக் குறையில்லை.
நானூறு இழை. தடவினால் கை வழுக்கும்.
ஊசி இறங்கவில்லை.
மூன்று ஊசி ஒடிந்து
விரலுறையில் பள்ளம் விழுந்த பிறகு விட்டேன்.
லாபியில் நான் எதிர்ப்பட்டால்
விருந்தாளிகள் முகத்தில் வருமே,
அந்த மாதிரி ஒரு வழுவழுப்பு.

மற்றது, ஹோட்டல் கைமாறும் முன்பு வாங்கியது.
ஓரத்தில் பழைய பெயர் பாதி அழிந்திருந்தது.
எத்தனை நூறு சலவையோ,
வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல்கள் தெரிந்தன.
ஒரு முனையில் மருதாணி, யாரோ புதுப்பெண்ணுடையது.
மறு முனையில்
என்னவென்று நான் கேட்டுக்கொள்ளாத ஒரு பழுப்பு.
மறுபடி துவைத்துக் காயப்போட்டு அளந்தேன்.
சுருங்க வேண்டியதெல்லாம்
எப்போதோ சுருங்கி முடித்திருந்தது.

நூற்றெட்டு அங்குலம், நடுவில் ஒட்டில்லை.
அதை விரிக்க எங்கள் அறையில் தரை இல்லை.
நாலு கட்டில், நாலு பெட்டி, ஒரு அரிசி மூட்டை.
இரவு பதினோரு மணிக்கு மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனோம்.
ஜூலை. கடல் பக்கத்துக் காற்று
பிழியாத துணியாக முகத்தில் ஒட்டியது.
தண்ணீர்த் தொட்டிகளுக்கு இடையே விரித்து,
மூலைக்கொரு பால்பவுடர் டின் வைத்து,
பஞ்சும் மேல்பக்கமும் அடுக்கி,
நானும் தங்கேஸ்வரியும் எதிரெதிரே குந்தி
நடுவை நோக்கி ஓட்டுத்தையல் போட்டோம்.
மாரிட்டெஸ் செல்போன் விளக்கைப் பிடித்திருந்தாள்.
அவளுக்குத்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

'இந்த வெக்கைக்குள்ள போர்வை தைக்கிற விசருகள்
நாங்கள் மட்டும்தான்' என்றாள் தங்கேஸ்வரி.
மட்டக்களப்புச் சிரிப்பு, தொட்டியில் பட்டு எதிரொலித்தது.

கீழே அறையில் குமிழ் உடைந்த ஏசி.
ஒன்று பனி, இல்லையென்றால் உலை.
அதற்கு நேர் கீழே மாரிட்டெஸின் கட்டில்.
மூன்று வருடமாய் ஸ்வெட்டரோடு உறங்குகிறாள்.

பதினாறு இரவு தைத்தேன்.
எனக்கு முன்பே யாரோ துளையிட்டு வைத்ததுபோல்
ஊசி போய் வந்தது.
முத்திரை மூலையை வெட்டிவிடத்தான் நினைத்தேன்.
வெட்டினால் கால்பக்கம் குறையும்.
உள்ளே மடித்துத் தைத்தேன்.
விளக்கின் முன் தூக்கினால் லேசாய்ச் சிவக்கும்.

கொடுத்தபோது
சதுரங்களை ஒவ்வொன்றாய்த் தொட்டாள்.
தன் முதல் யூனிபார்மின் சட்டைப்பையைக் கண்டுபிடித்து
அதற்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள்.
பிறகு, ஒன்றும் சொல்லாமல்,
முழுப் போர்வையையும் திருப்பி
விரிப்பைத் தன் பக்கமாகப் போட்டுக்கொண்டாள்.

காலை ஐந்து மணி வண்டிக்கு எழுப்பப் போனேன்.
ஸ்வெட்டர் கட்டில் கம்பியில் தொங்குகிறது.
எத்தனையோ பேர்
ராத்திரிக்கு இத்தனை தினார் என்று கொடுத்துத் தூங்கிய துணிக்குள்
அவள், வாடகையில்லாமல்.
'அஞ்சு நிமிஷம்' என்று தலையை மூடிக்கொண்டாள்.

கீழே ஹாரன்.
நான் மட்டும் இறங்கிப் போய்
டிரைவரிடம் பின்சக்கரத்தில் காற்று குறைவாய்த் தெரிகிறது,
இறங்கிப் பார் என்றேன்.